40% இறங்கி 50% ஏறிய பணம் ஏன் குறைந்தது?

கேள்வி: மகளின் கல்லூரிச் செலவுக்காக ஒரு பங்குச்சந்தை மியூச்சுவல் ஃபண்டில் 2 லட்சம் ரூபாயை மொத்தமாகப் போட்டேன். முதல் வருடம் 40% இறங்கியது. அடுத்த வருடம் 50% ஏறியது. ‘சராசரியாக வருடத்துக்கு 5% லாபம்’ என்கிறார் முகவர். கணக்கு அறிக்கையிலோ 1,80,000 ரூபாய்தான் இருக்கிறது. மீதி 20,000 எங்கே போனது?
– வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: உங்கள் பணத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அறிக்கை சரியானது, முகவர் சொன்ன சராசரிதான் தவறு.

முதல் வருடம் 40% இறங்கியது 2 லட்சத்தில். போனது 80,000, நின்றது 1,20,000. மறுவருடம் 50% ஏறியது அந்த 1,20,000-இல்தான், வந்தது 60,000. போட்ட பணத்தை மீண்டும் தொட வேண்டுமானால் 66.67% ஏறியிருக்க வேண்டும்.

அடுத்தடுத்து வரும் சதவீதங்களைக் கூட்டாதீர்கள், பெருக்குங்கள். 40% இறங்கினால் ஒரு ரூபாய் 0.6 ஆகும். 50% ஏறினால் அதை 1.5-ஆல் பெருக்க வேண்டும். 0.6 × 1.5 = 0.9. நீங்கள் போட்ட ஒவ்வொரு ரூபாயும் இப்போது 90 காசு. கூட்டு வளர்ச்சி விகிதத்தில் (இப்படிப் பெருக்கி வந்த விளைவை, வருடத்துக்கு ஒரே சதவீதமாகச் சொல்வது) பார்த்தால் வருடத்துக்குச் சுமார் 5.1% நட்டம். படிப்புக்காகச் சேர்த்த பணத்தில் நட்டத்தை லாபம் என்று சொன்னது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அடுத்த முறை அவரிடம் கூட்டு விகிதத்தையே கேளுங்கள்.

சந்தை முழுவதுமே இப்படி நடந்ததுண்டு. 2008-இல் மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் சுமார் 52% சரிந்தது. 2009-இல் 81% எழுந்தது. எழுச்சிதான் பெரிது போலத் தெரியும். ஆனால் 2007 முடிவில் 20,287 ஆக இருந்த குறியீடு, 2009 முடிவில் 17,465-இல்தான் நின்றது.

தி.நகரில் ஆடித் தள்ளுபடி ‘50% + 20%’ என்று பார்த்திருப்பீர்கள். அங்கும் 1,000 ரூபாய்ப் புடவை 300-க்கு வராது. 500 ஆகி, அதில் 20% போய், 400-க்கு வரும்.

மகள் எப்போது கல்லூரியில் சேர்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு மூன்று வருடத்துக்குள் என்றால், கட்டணத் தொகையை இப்போதே வங்கி வைப்புக்கு மாற்றுங்கள். நட்டம் தீரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஏழெட்டு வருடம் இருந்தால் விட்டுவைக்கலாம். 2 லட்சத்தைத் தொட இன்னும் 11.1% ஏற வேண்டும். ‘10% போதுமே’ என்று முகவர் சொன்னால், 1,80,000-இல் 10% எவ்வளவு என்று அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.