செக்யூரிட்டி ட்ரெயினிங் எத்தனை மணி நேரம், அதை யார் முடிவு பண்றாங்க?

கேள்வி: மில் வேலை போனப்புறம் என் வீட்டுக்காரர் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்திருக்கார். ஒரு நாள் காலையில சல்யூட் அடிக்க சொல்லிக் குடுத்தாங்க, மறுநாளே நைட் டியூட்டி போட்டுட்டாங்க, ட்ரெயினிங்னு சம்பளத்துல பணமும் பிடிச்சிருக்காங்க. இதுக்கு ரூல் எதுவும் கிடையாதா? - ஒரு வாசகி, ராஜபாளையம்

பதில்: ரூல் இருக்கும்மா, நல்லாவே இருக்கு. 2005ல பார்லிமென்ட்ல தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் போட்டாங்க. அதுல 9வது பிரிவு, காவலாளிக்கு ட்ரெயினிங் கிடைக்க வைக்கிறது ஏஜென்சியோட பொறுப்புன்னு சொல்லுது. 10வது பிரிவு, ட்ரெயினிங் முடிக்காத ஆளை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு சொல்லுது. ஆனா எத்தனை மணி நேரம்னு அந்தச் சட்டத்துல எங்கேயும் இருக்காது, "விதிகள்ல சொல்றபடி"ன்னு விட்டுட்டாங்க. போலீஸ் மாநிலத்தோட விஷயம் இல்லையா, அதனால மத்திய உள்துறை மாடல் ரூல்ஸ்னு ஒண்ணு எழுதிக் குடுக்கும், முடிஞ்ச வரைக்கும் அதை ஒட்டி ஒவ்வொரு மாநில அரசும் தன்னோட விதியை கெசட்ல போடணும், இதான் ஏற்பாடு.

2006ல வந்த மாடல் ரூல்ஸ்ல வகுப்புல 100 மணி நேரம், வெளிக்களத்துல 60 மணி நேரம், குறைஞ்சது 20 வேலை நாள்னு போட்டிருந்தாங்க. தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைச் சமாளிக்கிறது, வெடிகுண்டு மாதிரி பொருளை அடையாளம் கண்டுபிடிக்கிறது, போலீஸ்ல எஃப்ஐஆர் எப்படி போடுறது, தற்காப்பு உரிமை எது வரைக்கும், எல்லாம் பாடத்துல உண்டு. அடையாள அட்டை, துப்பாக்கி லைசென்ஸ் எல்லாம் பார்த்துச் சரிபார்க்கணும்ல, அதுக்காக இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் படிக்கத் தெரியணும்னு கூட எழுதியிருக்கு. இவ்ளோ யோசிச்சு எழுதின பாடத்தை ஒரு காலை சல்யூட்டோட முடிச்சிட்டு, ராத்திரி முழுக்க ஒரு கட்டடத்தையும் அதுல தூங்குறவங்களையும் அவர் தலையில கட்டுறாங்கன்னா எனக்கு வயிறு எரியுது. தீ பிடிச்சா முதல்ல ஓட வேண்டிய ஆள் அவர்தானே.

நீங்க செய்ய வேண்டியது, ட்ரெயினிங் முடிச்சதுக்கான சர்டிபிகேட் கேளுங்க. படிவம் 4னு ஒண்ணு, ட்ரெயினிங் குடுத்த நிறுவனம்தான் தரணும், தேறினவங்க லிஸ்ட்டையும் அது கட்டுப்பாட்டு அதிகாரிக்கு அனுப்பணும். பணம் பிடிச்சதுக்கு ரசீதும் கேட்டு வாங்குங்க. ரெண்டும் தரலைன்னா மாநில உள்துறைக்கு கீழ இருக்கற அந்தக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எழுதிப் போடுங்க, லைசென்ஸ் குடுக்கறதும் ரத்து பண்றதும் அவர் கையிலதான். நம்ம நாட்டுல லைசென்ஸ் ஏஜென்சிக்குத்தான், காவலாளிக்கு கிடையாது. இங்கிலாந்துல 2001 சட்டப்படி காண்ட்ராக்ட்ல வர்ற காவலாளி ஒவ்வொருத்தரும் தன் பேர்லயே லைசென்ஸ் வாங்கணும், அது கம்பெனி மாறினாலும் கூடவே வரும். ட்ரெயினிங் முடிச்சதுக்கு நம்மாளு கையில இருக்கற ஆதாரம் அந்த சர்டிபிகேட்தான், அதனால ஒரிஜினலை யார்கிட்டயும் விட்டுடாதீங்க.

கேள்வி: 17 வருஷம் ராணுவத்துல இருந்தேன். எனக்குமா ட்ரெயினிங்? - ஒரு வாசகர், வேலூர்

பதில்: உங்களுக்கும் உண்டு சார், ஆனா சுருக்கமா. 2006 மாடல் ரூல்ஸ்படி முன்னாள் படைவீரர், முன்னாள் போலீஸ்காரங்களுக்கு வகுப்புல 40 மணி, வெளிக்களத்துல 16 மணி, குறைஞ்சது 7 நாள். வேலைக்கு எடுக்கறப்போ உங்களுக்கு முன்னுரிமை தரலாம்னும் சட்டத்துலயே இருக்கு. இது தேவைதான்னு நான் நினைக்கிறேன், ஏன்னா அங்க இருந்த அதிகாரம் இங்க கிடையாது, கேட்ல நிக்கறவருக்கு போலீஸ் அதிகாரம் எதுவும் இல்ல. பழைய யூனிபார்மையோ அது மாதிரி தெரியற டிரெஸ்ஸையோ போட்டு டியூட்டி பார்த்தா உங்களுக்கும் ஏஜென்சி முதலாளிக்கும் தண்டனை உண்டு, இதை நிறைய பேர் கவனிக்கறதில்ல.

கேள்வி: எங்க அபார்ட்மெண்ட்ல ஏஜென்சி இல்லாம நாங்களே நேரா ஒருத்தரை வச்சிருக்கோம். அவருக்கும் இது பொருந்துமா? - ஒரு வாசகர், மடிப்பாக்கம்

பதில்: இந்தச் சட்டம் பிடிக்கறது ஏஜென்சி தொழிலை, நீங்க நேரா சம்பளம் குடுக்கற ஆளுக்கு அந்த மணிக்கணக்கு வராது. அதுக்காக விட்டுடாதீங்க. உங்க மாடிப்படியில தொங்குதே தீயணைப்பு சிலிண்டர், அதை எப்படி இயக்கறது, மெயின் ஸ்விட்ச் எங்க இருக்கு, லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா யாருக்கு போன் பண்றது, இந்த மூணையாவது அசோசியேஷன் செலவுல இந்த மாசமே அவருக்குச் சொல்லிக் குடுங்க.