கொரோனா மாதிரி நோய் வந்தா ஆராய்ச்சிக் கட்டுரைகளோட பியர் ரிவ்யூ என்ன ஆகும்?

பியர் ரிவ்யூனா, ஒரு கட்டுரை ஜர்னல்ல (ஆராய்ச்சி இதழ்ல) வர்றதுக்கு முன்னாடி அதே துறை ஆளுங்க ரெண்டு மூணு பேர் படிச்சு குறை சொல்றது, பெரும்பாலும் சம்பளம் இல்லாம. நம்ம சேலம் ஜவ்வரிசி கூட்டுறவு சங்கம் சேகோசர்வ்ல மூட்டைல சாம்பிள் எடுத்து டெஸ்ட் பண்ணிட்டு விக்கிற மாதிரி தான். ஒரே நாள்ல பல மடங்கு மூட்டை வந்து இறங்குது, டெஸ்ட் பண்ற ஆள்ல பாதி பேர் லீவுனா என்ன ஆகும்?

2020ல அதான் நடந்துச்சு. கொரோனா கட்டுரைங்க குவிஞ்சுச்சு, ஆனா படிச்சு பாக்க வேண்டிய டாக்டருங்களே வார்டுல நின்னாங்க, அதனால கொரோனா கட்டுரைய அவசர அவசரமா முடிச்சாங்க, மத்த கட்டுரைங்க பலது காத்துக் கிடந்துச்சு (பாவம், பிஎச்டி பசங்க). ரிவ்யூக்கு முன்னாடியே நெட்ல போடுற ப்ரீபிரிண்ட்டும் அப்ப தான் ரொம்ப பெருகுச்சு. அதுல நல்லதும் உண்டு, தகவல் சீக்கிரம் கிடைச்சுச்சு.

ப்ரீபிரிண்ட்னா சந்தேகம், ரிவ்யூ ஆனா அப்படியே உண்மைனு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு: கொரோனாவுக்கு குடுத்துப் பாத்த மலேரியா மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின் பத்தி லான்செட்ங்கிற மருத்துவ ஜர்னல்ல 2020 மே 22 வந்த கட்டுரை ரிவ்யூ தாண்டி தான் வந்துச்சு, மூல டேட்டாவ சரிபாக்க முடியலைனு ஜூன் 4லயே வாபஸ் வாங்கிட்டாங்க.