கடையாகிவிட்ட சிற்றாலயத்தின் கதையை எங்கே தேடுவது?

கேள்வி: இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் பழைய சர்ச் கட்டடத்தை வாங்கி காபிக் கடை தொடங்கப் போகிறோம். இடையில் அது மோட்டார் பட்டறையாகவும், பிறகு மரச்சாமான் கிடங்காகவும் இருந்ததாம். அதன் வரலாற்றை எழுதிக் கடைச் சுவரில் மாட்ட ஆசை. ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் அது எந்தச் சபையின் கட்டடம் என்று பாருங்கள். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அலைச்சல்தான் மிச்சம். காகிதங்கள் எல்லாம் சபையின் வழியாகத்தான் போயிருக்கும். நீங்கள் சர்ச் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டறையாக இருந்த கட்டடம் என்றால், அது இங்கிலாந்து திருச்சபையிலிருந்து தனித்து நிற்கும் மெதடிஸ்ட் சபையின் சேப்பலாக, அதாவது சிற்றாலயமாக, இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் ஊகம்.

காரணம் இருக்கிறது. 1791இல் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இறந்தபின் மெதடிஸ்ட்கள் பல கிளைகளாகப் பிரிந்தார்கள். வெஸ்லியன், பிரிமிட்டிவ், பைபிள் கிறிஸ்டியன் என்று ஒவ்வொரு கிளையும் தனித்தனியாகச் சேப்பல் கட்டியது. சின்னக் கிராமத்தில்கூட ஒரே தெருவில் இரண்டு இருக்கும். 1907இல் சில கிளைகள் சேர்ந்தன, 1932இல் பெரிய கிளைகளும் ஒன்றாயின. ஒரே சபைக்கு ஒரே ஊரில் இரண்டு கட்டடம் எதற்கு? மெல்ல மெல்ல ஒன்றைப் பூட்டினார்கள். நடுவில் தூண் இல்லாத கூடம், உயரமான கூரை, தெருவை ஒட்டிய வாசல். லாரி பழுது பார்ப்பவருக்கு வேறென்ன வேண்டும்?

சரி, இப்போது கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். முகப்பின் உச்சியில் ஆண்டு பொறித்த கல் இருக்கலாம். ஆனால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பெரிதாக்கிக் கட்டிய ஆண்டாகவோ, பின்னால் சேர்த்த ஞாயிறு பள்ளியின் ஆண்டாகவோ இருக்கலாம். அதைவிட உபயோகமானது கீழே இருக்கிறது. குப்பைத் தொட்டிகளை நகர்த்திவிட்டுக் குனிந்து பாருங்கள். முழங்கால் உயரத்தில் வரிசையாகச் சில கற்களில் பெயர்களோ வெறும் முதலெழுத்துகளோ இருந்தால், அவை நன்கொடை கொடுத்து அடிக்கல் வைத்தவர்களுடையவை. அந்தப் பெயர்களை வைத்துப் பழைய உள்ளூர்ச் செய்தித்தாள்களில் தேடுங்கள். அடிக்கல் விழாவையும், அப்புறம் நடந்த தேநீர் விருந்தையும், வசூலான தொகையையும் அக்காலப் பத்திரிகைகள் ஆசையாக எழுதும்.

கல்லே இல்லையென்றால் பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய 25 அங்குல வரைபடத்தை (ஒரு மைலுக்கு சுமார் 25 அங்குலம் என்ற அளவில் வரைந்தது) பாருங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்து வரைபடங்களையும் இலவசமாகப் பார்க்கலாம். பல இடங்களில் சேப்பலின் பக்கத்திலேயே எந்தக் கிளை என்று அச்சிட்டிருப்பார்கள்.

1851க்கு முன் கட்டியதாக இருந்தால் உங்களுக்கு யோகம். அந்த ஆண்டு மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை, வழிபாட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று அரசே கணக்கெடுத்தது. ஒவ்வொரு ஆலயத்துக்கும் ஒரு படிவம்: எப்போது கட்டியது, எத்தனை இருக்கை, அதில் வாடகை இல்லாத இலவச இருக்கை எத்தனை, காலையில் எத்தனை பேர், மாலையில் எத்தனை பேர். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எச்ஓ 129 (HO 129) என்ற எண்ணில் இவை இருக்கின்றன.

மெதடிஸ்ட் என்று தெரிந்ததும் பலர் மான்செஸ்டரின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். அங்கே இருப்பவை பெரும்பாலும் சபையின் மைய ஆவணங்கள். கிராமத்துச் சேப்பலின் கணக்குப் புத்தகமும் ஞானஸ்நானப் பதிவேடும் கவுன்ட்டி (மாவட்ட) ஆவணக் காப்பகத்தில்தான் கிடைக்கும். ஒருவேளை அது இங்கிலாந்து திருச்சபையின் கோயிலாகவே இருந்து 1969க்குப் பிறகு மூடப்பட்டிருந்தால், வழக்கமாக அதை என்ன பயன்பாட்டுக்கு விடலாம் என்று சொல்லும் அதிகாரபூர்வத் திட்டம் ஒன்று இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சுவரில் மாட்டுவதைவிட இது அவசரம். லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற நிலப் பதிவு அலுவலகத்திலிருந்து உங்கள் சொத்தின் பதிவேட்டு நகலை எடுத்து, வில்லங்கம் என்ன இருக்கிறது என்று படியுங்கள். மெதடிஸ்ட்கள் சேப்பலை விற்கும்போது, அங்கே மது விற்கக் கூடாது, சூதாட்டம் கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை எழுதுவது வழக்கம். எத்தனை கை மாறியிருந்தாலும் அது கூடவே வரலாம். மாலையில் ஒயினும் தரலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். பின்பக்கம் சமையலறை நீட்டிக் கட்டுவதானால் அங்கே கல்லறைகள் இருந்தனவா என்றும் பாருங்கள். கைவிடப்பட்ட இடுகாட்டின்மேல் கட்டடம் எழுப்புவதை 1884ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது.

பட்டறைக் காலத்தை விட்டுவிடாதீர்கள். அதுவும் வரலாறுதான், தேடுவதும் சுலபம். 1948 ஜூலைக்குப் பின் பயன்பாடு மாறியிருந்தால் உள்ளாட்சி மன்றத்தின் கட்டட அனுமதிக் கோப்புகளில் தடயம் இருக்கக்கூடும். ஊர்ப் பெரியவர்களிடம் பழைய சர்ச் படம் இருக்கிறதா என்று கேட்பதோடு, பட்டறை வாசலில் வண்டியோடு யாராவது நின்று எடுத்துக்கொண்ட படம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிற்பாடு சிமென்ட் பூசி மறைத்த ஆண்டுக் கல் அந்தப் படத்தில், டயர் விளம்பரத்துக்கு மேலே, தெளிவாகத் தெரியக்கூடும்.