பக்கத்து இருக்கையில் யார்?

அன்புள்ள ஐயா,

டிரக் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இன்னும் மூன்று வாரம் பாக்கி. உரிமம் வந்தபின் ஓரிரு மாதம் ஓய்வெடுத்துவிட்டு வேலைக்கு விண்ணப்பிக்கலாமா, இப்போதே விண்ணப்பிக்க வேண்டுமா? அனுபவம் இல்லையென்று தள்ளிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எந்த டிரக்கில் தொடங்கலாம், சம்பளம் எவ்வளவு கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இன்றைக்கே விண்ணப்பியுங்கள். உரிமம் எப்போது வரும் என்பதை உள்ளபடி எழுதினால் போதும். மருத்துவச் சோதனை, பழைய வேலை பற்றிய விசாரணை என்று அவர்கள் பக்கத்திலேயே நாட்கள் ஓடிவிடும். ஓய்வு என்கிறீர்களே, எதிலிருந்து ஓய்வு? ட்ரெய்லரைப் பின்னோக்கி ஓட்டும்போது அது வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். இது புத்திக்கு ஒரு நிமிடத்தில் புரியும், கைக்குப் புரிய வாரக்கணக்கில் ஆகும். சும்மா இருந்தால் முதலில் மறப்பதும் கைதான். உரிமம் வாங்கிப் பல மாதம் ஓட்டாதவரை மறுபடி பயிற்சிக்கு அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. தள்ளிவிடுவார்கள் என்றால் தள்ளட்டும், அடுத்த இடத்துக்கு எழுதுங்கள். எந்த டிரக், எவ்வளவு சம்பளம் என்பது இப்போதைய பேச்சே இல்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் சில மாதம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லித்தரப்போகும் மூத்த ஓட்டுநர் யார் என்று ஒரு வரியாவது கேட்டிருக்கிறீர்களா என்று தேடினேன். இல்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

என் சித்தப்பா லாரி ஓட்டினார். விடுமுறையில் நானும் கூடப் போவேன். வண்டி நின்றதும் இரும்புக் கம்பியோடு இறங்கி ஒவ்வொரு டயராகத் தட்டுவார். இரட்டைச் சக்கரத்தில் உள்டயர் காற்றிழந்தால் பார்வைக்குத் தெரியாது, வெளிடயர் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும். ஒருநாள் கம்பியை என்னிடம் கொடுத்தார். சுற்றிவந்து தட்டிவிட்டு எல்லாம் சரி என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப்போய் ஒரு சக்கரத்தின் உள்டயரை மறுபடி தட்டவைத்தார். மற்றவற்றில் துள்ளித் திரும்பிய கம்பி அதில் 'பொத்'தென்று அமுங்கியது. முதல் முறையும் அதே சத்தம்தான் வந்திருக்கும். எனக்குத்தான் கேட்கவில்லை.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் அது சூடேறிப் பிடிப்பு இழக்கும், இறங்கும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆனால் பாரம் ஏற்றிய வண்டியில் அந்த 'முன்பே' எந்த இடம் என்பதைப் பக்கத்தில் இருப்பவர்தான் காட்டுவார்.

2018 ஏப்ரல் 6 அன்று கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரு டிரக் நிறுத்தப் பலகையைக் கடந்து சந்திப்புக்குள் நுழைந்தது. ஹம்போல்ட் ஐஸ் ஹாக்கி அணி வந்த பஸ் அதில் மோதியது. 16 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் வேலைக்குச் சேர்ந்து சில வாரம்தான். இரண்டு வாரம் இன்னொருவரோடு போனார், பிறகு தனியாக விட்டுவிட்டார்கள். பின்னால் படபடத்த தார்ப்பாயில் அவர் கவனம் போய்விட்டது. பிழை அவருடையதுதான், அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் அந்தக் காலி இருக்கையை என்னால் மறக்க முடியவில்லை.

எனவே தம்பி, ஒவ்வோர் இடத்திலும் கேளுங்கள்: கூட வருபவர் எத்தனை வருடம் ஓட்டியவர், எத்தனை வாரம் வருவார், நான் ஓட்டும்போது விழித்திருப்பாரா, படுத்துவிடுவாரா? "முதல் நாளே தனியாகப் போகலாம்" என்று ஆசை காட்டும் இடத்தில் சம்பளம் இரட்டிப்பு என்றாலும் சேராதீர்கள். இந்த வாரமே மூன்று இடத்துக்கு எழுதிவிட்டு, இந்தக் கேள்விக்கு என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.