புதிதாக வரும் குடும்பத்தை ஏற்றுக்கொள்ளும் சின்ன ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: சென்னையிலிருந்து, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளோடு கிராமப்புறத்துக்குக் குடிபெயர நினைக்கிறோம். எனக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. புதியவர்களை நல்லபடியாக ஏற்றுக்கொள்ளும் சின்ன ஊர் எது?

பதில்:

இப்படிக் கேட்டாலே ஆளுக்கொரு ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மலையடிவாரம், வாய்க்கால், வயல், நல்ல காற்று என்று பட்டியல் நீளும். காற்றும் வாய்க்காலும் எல்லோருக்கும் கிடைக்கும். வாடகை வீடு எல்லோருக்கும் கிடைக்காது. அதனால் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் ஆண்டு நேராகக் கிராமத்துக்குப் போகாதீர்கள். தாலுகா அலுவலகம், வாரச்சந்தை, பேருந்து நிலையம், அரசு மருத்துவமனை, இவற்றோடு முடிந்தால் ஒரு ரயில் நிலையமும் இருக்கும் சின்ன டவுனில் வாடகைக்குத் தங்குங்கள். காரணம் எளிமையானது. தாலுகா ஊர்களுக்கு ஆசிரியர், வங்கி ஊழியர், செவிலியர், நீதிமன்ற ஊழியர், காவலர் என்று பணி மாறுதலில் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வெளியூர்க் குடும்பத்துக்கு வீடு விட்டுப் பழகிய தெருக்கள் அங்கே உண்டு. கிராமத்தில் வாடகைக்கென்று கட்டிய வீடே அரிது. பூட்டிக் கிடக்கும் வீடு திருப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பங்காளியுடையது. அதை யாருக்கு விடலாம் என்பதை அந்தத் தெரு முழுவதும் சேர்ந்துதான் முடிவு செய்யும்.

இதையே ஒரு சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் பார்க்கும் ஊரின் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் வங்கிக் கிளை ஊழியர்களும் எங்கே குடியிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஊருக்குள்ளேயே குடும்பத்தோடு இருந்தால் நல்ல அறிகுறி. எல்லோரும் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறார்கள் என்றால், ஏன் என்று அவர்களிடமே கேளுங்கள். தண்ணீர், பள்ளி, வீடு தர மறுத்தது என்று மூன்றில் ஒரு காரணம் வரும்.

மூன்றாவது காரணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வாடகை வீடு தேடும்போது, "எந்த ஊர்க்காரங்க? பூர்வீகம் எது? அங்க எந்தத் தெரு?" என்று தொடங்கும் விசாரணை எங்கே போய் முடியும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சிலர் "சைவமா, அசைவமா?" என்று கேட்டு அதே விடைக்கு வந்து சேர்வார்கள். எதற்கெடுத்தாலும் சாதியா என்று யாராவது கோபப்படலாம். அவர்களுக்கு வீடு உடனே கிடைத்திருக்கும், மகிழ்ச்சி. கேள்வி கேட்டவர் எந்தச் சமூகம், எந்த மதம் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தும்படி சொல்கிறேன். உங்களுக்குச் சாதகமான சாதியாகவே இருந்தாலும், அடுத்தவருக்கு வீடு தராத தெருவில் உங்கள் பிள்ளைகள் வளர வேண்டுமா என்றும் யோசியுங்கள்.

புரோக்கரிடம் போனிலேயே நேராகக் கேட்டுவிடுங்கள்: "இந்தத் தெருவில் யாருக்கெல்லாம் வீடு தரமாட்டார்கள்?" மழுப்பாமல் சொல்வார், அவருக்கு அது தொழில். ஒருவர் பேச்சை மட்டும் நம்பாமல் இரண்டு பேரிடம் கேளுங்கள். பிறகு ஊருக்குள் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முடிதிருத்தும் கடையில் எல்லோருக்கும் முடி வெட்டுகிறார்களா? டீக்கடையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளாஸா, எல்லோரும் பெஞ்சில் உட்காருகிறார்களா? சுடுகாடு ஒன்றா, இரண்டா? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்தால் 'அன்பான மக்கள்' என்று எழுதியிருக்கும் வேறு எந்த வருணனையும் உங்களுக்குத் தேவைப்படாது. கூடவே, வேலை நாளில் இரவு ஏழரை மணிக்குப் பேருந்து நிலையத்தில் தனியாக நிற்கும் பெண்கள் எத்தனை பேர், அவர்கள் பதற்றமில்லாமல் நிற்கிறார்களா என்று உங்கள் வீட்டுப் பெண்களையே போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள். ஆண்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லும் கணக்கு இதில் செல்லாது.

கிராமத்தில்தான் இருப்போம் என்று முடிவாக இருப்பவர்கள் கிராம சபை நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை நடக்கிறது. உறுப்பினர்கள் அந்த ஊராட்சியின் வாக்காளர்கள்தான். நீங்கள் ஓரமாக நின்று கவனித்தால் போதும். யார் நாற்காலியில், யார் தரையில், பெண் தலைவராக இருந்தால் பேசுவது அவரா அவர் கணவரா, வரவு செலவைப் படித்துக் காட்டுகிறார்களா என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். தென்மாவட்டங்களில் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி எடுப்பார்கள். வெளியூரிலிருந்து குடிவந்தவர் தலைக்கட்டுக் கணக்கில் சேரமாட்டார், ஆனால் நன்கொடை வாங்கிக்கொள்வார்கள். கொடுப்பதாக இருந்தால் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். உரிமை கேட்டு முதல் ஆண்டே நிற்க வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். ஐப்பசியில் போய்ப் பார்த்தால் எல்லா ஊரும் பச்சையாகத்தான் இருக்கும். சித்திரை, வைகாசியில் போங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை எடுத்துச் சென்று வீட்டு போர்வெல் தண்ணீரையும் தெருக்குழாய்த் தண்ணீரையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. 1000-ஐத் தாண்டினால் பெரும்பாலும் பருப்பு சரியாக வேகாது, கெய்சர் காயிலில் உப்புப் பிடிக்கும். ஆனால் இந்த மீட்டர் ஃபுளூரைடைக் காட்டாது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அந்தப் பகுதி நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம் என்பதால்தான். ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், மேல்வரம்பு 1.5. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடங்கள் உண்டு. பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்து முழு அறிக்கை வாங்குங்கள். உள்ளூர்ப் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கோடுகள் தெரிந்தால் அறிக்கைக்கு முன்பே எச்சரிக்கையாகிவிடுங்கள்.

குழாயில் எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வரும் என்றும் கேளுங்கள். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 540 லிட்டர். ஐந்து நாளுக்கு ஒரு முறை என்றால் 2,700 லிட்டர் சேமிக்க வேண்டும். மாடியில் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் மட்டும் இருக்கும் வீட்டை எடுத்தால், மீதியை லாரிக்காரரிடம் விலை கொடுத்துத்தான் வாங்குவீர்கள்.

கரண்ட் போவதைவிட லோ வோல்டேஜ்தான் பெரிய தொல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மின்விசிறி எப்படிச் சுற்றுகிறது என்று பாருங்கள். டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசி வீடாக இருந்தால் மோட்டார் அடிக்கடி எரியும். பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்துவார்கள். மடிக்கணினி, ரூட்டர், ஒரு மின்விசிறி சேர்த்து 150 வாட் என்று வைத்தால், 150 ஏ.ஹெச். பேட்டரி போட்ட இன்வெர்ட்டர் ஆறேழு மணி நேரம் தாங்கும். இணையத்துக்கு உள்ளூர் கேபிள்காரரின் ஃபைபரும் வேறொரு நிறுவனத்தின் சிம்மும் என இரண்டு வழி வேண்டும். வேகத்தை இரவு எட்டிலிருந்து பத்துக்குள் சோதியுங்கள். பகலில் எல்லா இடத்திலும் நன்றாகத்தான் வரும்.

மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பது பாதிக் கேள்விதான். "இரவு இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா?" என்று கேளுங்கள். அவர் இல்லாத இடத்தில் அறுவை சிகிச்சை இல்லை, சிசேரியனும் இல்லை. 108-ல் பெரும்பாலும் மாவட்டத்தின் பெரிய மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். அந்தத் தூரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால், வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் வேறு ஊர் பாருங்கள். பாம்புக்கடிக்கு அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பு உண்டா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது, இரவில் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கும். அதனால் பிள்ளைகளைக் கட்டிலில், கொசுவலைக்குள் படுக்க வையுங்கள்.

பள்ளி விஷயத்தில் பிள்ளையின் வகுப்புதான் முக்கியம். மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆகவே மூத்த பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கும் ஆண்டே மாறுவதற்கு ஏற்ற ஆண்டு. அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. பல சின்ன ஊர்களில் பழைய, நல்ல பள்ளி அதுவாகத்தான் இருக்கும், தெரிந்து சேருங்கள். மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் என்னென்ன குரூப் இருக்கிறது, இயற்பியலுக்கும் கணக்குக்கும் முதுகலை ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா என்று கேளுங்கள். பழைய பள்ளியில் டி.சி. வாங்கும்போது பிள்ளையின் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவு எண்) பொதுப் பட்டியலுக்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதிய பள்ளியில் சேர்க்கை பாதியில் நிற்கும்.

ஊரின் கிளை நூலகத்தையும் பாருங்கள். மாலையில் பிள்ளைகளும் பெண்களும் வந்து போகும் நூலகம் உள்ள ஊரில், புதிதாக வந்தவர்களுக்கு உட்கார ஒரு பொது இடம் கிடைக்கிறது. சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது நம் மாநிலம், 1948-ல். அதற்காகப் பாடுபட்ட நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக நம்மிடம் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தை உள்ளாட்சிகள் நூலகத் துறைக்கு ஒழுங்காகச் செலுத்தாமல் ஆண்டுக்கணக்கில் பாக்கி வைப்பதால்தான், கூரை ஒழுகும் நூலகங்களும் ஒரே ஆள் இரண்டு கிளைகளைத் திறந்து மூடும் நிலையும். கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான். ஆனால் வரி கட்டும் ஒவ்வொருவரும் ரசீதில் அந்த வரியைப் பார்த்து, பணம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும்.

நிலம் வாங்குவதைக் குறைந்தது ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் பார்க்கும்வரை தள்ளிப் போடுங்கள். சீர்காழியில் 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. அளவுக்குப் பெய்தது. தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்துச் சுவர்களே காட்டும். 'பண்ணை நிலம்' என்று 10 சென்ட், 20 சென்டாகக் கூறு போட்டு விற்பவற்றில் பெரும்பாலானவை அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகள். அங்கே வீடு கட்ட அனுமதி வாங்க அலைவீர்கள். வில்லங்கச் சான்று 30 ஆண்டுக்கு, தாய்ப் பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் பத்திரம்), அ-பதிவேடு (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு), புலப்பட வரைபடம் (நிலத்தின் அளவு, எல்லை காட்டுவது) நான்கையும் சேர்த்துப் பாருங்கள். வரைபடத்தில் வண்டிப் பாதை இல்லையென்றால், இன்று வாய்மொழியாக வழிவிடுபவரின் மகன் நாளை வேலி போடலாம். பஞ்சமி நிலமா (பட்டியல் சாதியினருக்கென்று அரசு ஒதுக்கியது), கோயில் நிலமா என்று தாலுகா அலுவலகத்தில் உறுதி செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பத்திரச் செலவு வழிகாட்டி மதிப்பில் 9 விழுக்காடு.

ஊர்ப் பெயர் சொல்லியே ஆக வேண்டுமென்றால், தேடலைத் தொடங்க மூன்று. அம்பாசமுத்திரம்: தாமிரபரணித் தண்ணீர், ரயில், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி பக்கம். கோபிசெட்டிபாளையம்: வாய்க்கால் பாசனம், நல்ல சந்தை; ரயில் இல்லை, ஈரோட்டுக்குப் போக வேண்டும். போடி: மிதமான வெயில், 2023 முதல் சென்னைக்கு ரயில், தேனி மருத்துவக் கல்லூரி. மேலே சொன்ன வீட்டுச் சோதனையில் இவை தேறிவிட்டன என்று நான் சொல்லவில்லை. ஒரே ஊரில்கூடத் தெருவுக்குத் தெரு மாறும், நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

குடிபோவதை மே இரண்டாம் வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வீடு ஒழுங்காகிவிடும். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, அதைக் காட்டி முதலில் ஆதார் முகவரியை மாற்றுங்கள். ரேஷன் அட்டை, கேஸ், வாக்காளர் பட்டியல் எல்லாம் அதற்குப் பின்னால்தான். வாக்காளர் பெயர் மாற்றத்தைப் பலர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். அதை முதல் மாதத்திலேயே செய்துவிடுங்கள். பேரூராட்சி அலுவலகத்தில் தெருவிளக்குக்கு மனு கொடுக்கப் போனால்கூட, இங்கே ஓட்டு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.