நான்கு விதை, ஒரே சட்டி: ஒரு வாசகிக்குப் பதில்

வணக்கம் சார்,

மசாலாப் பொடியாக வாங்காமல் விதையாக வாங்கி வீட்டிலேயே வறுத்து அரைத்துப் பாருங்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு மாதமாக அப்படித்தான் செய்கிறேன். கொத்தமல்லி, சீரகம், வெந்தயம், கடுகு நான்கையும் ஒன்றாகச் சட்டியில் போட்டு வறுத்து அரைக்கிறேன். ஒவ்வொரு முறையும் கசக்கிறது, கொத்தமல்லி வாசமே வருவதில்லை. எங்கே தப்பு செய்கிறேன்? இன்னொன்று, சீரகம், சோம்பு, கருஞ்சீரகம் எல்லாம் ஒரே குடும்பம்தானா? கடைசியாக, என் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. வெந்தயமும் கருஞ்சீரகமும் இருந்தால் போதும் என்று யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். பரம்பரையாகச் சாப்பிட்டு வந்ததுதானே, என்ன ஆகிவிடும் என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டும் நாளைக்கும் காத்திருக்கும், இது காத்திருக்காது. அப்பாவை இன்றைக்கே அவருடைய டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தியது தப்பு, அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

வெந்தயம் சர்க்கரையைக் குறைக்கும் என்பது வெறும் புரளி கிடையாது. ஊறவைத்த வெந்தயத்தைத் தொட்டால் விரலில் வழவழவென்று ஒட்டுகிறதே, அது கரையும் நார்ச்சத்து. சாப்பாட்டிலிருந்து சர்க்கரை ரத்தத்தில் சேரும் வேகத்தை அது கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. ஆனால் வேகத்தைக் குறைப்பது வேறு, நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பது வேறு. மாத்திரையோடு சேர்த்து நிறைய வெந்தயம் சாப்பிட்டால் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கிவிடவும் கூடும், அதனால் எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கருஞ்சீரகத்தில் தைமோகுயினோன் என்று ஒரு பொருள் இருக்கிறது, அதை வைத்து ஆய்வுகள் நிறைய நடக்கின்றன. ஆய்வு நடக்கிறது என்றால் மாத்திரைக்கு மாற்று கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

பரம்பரை என்று அப்பா சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓமத்தை நசுக்கினால் மூக்கில் ஏறுகிற காரமான வாசம் தைமால் என்ற பொருளால் வருவது, கிருமியைக் கொல்லும் என்பதால் அதே தைமாலை இன்றும் வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் சேர்க்கிறார்கள். ஆய்வுக்கூடம் வருவதற்கு வெகு காலம் முன்பே மனிதர்கள் மூக்கை வைத்தே இதையெல்லாம் கண்டுபிடித்தார்கள், அது பெரிய விஷயம். ஆனால் பழையது என்பது மட்டுமே சான்றிதழ் ஆகாது. கிரைப் வாட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1851-ல் இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்ட் தயாரித்தது, குழந்தையின் வயிற்று வலிக்காக அதில் சதகுப்பை எண்ணெய் சேர்த்தார்கள், கூடவே ஆல்கஹாலும் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குக் கொடுத்த பிறகுதான் ஆல்கஹால் வேண்டாம் என்று எடுத்தார்கள். பெரியவர்கள் கொடுத்தது என்பதற்காக அதை அப்படியே வைத்திருக்கவில்லை. சோம்பு, சீரகம், ஓமம், சதகுப்பை இவையெல்லாம் வயிற்று உப்புசத்துக்கும் மந்தத்துக்கும் கொஞ்சம் ஆறுதல் தரும், அந்த அளவில் நானும் நம்பித்தான் சாப்பிடுகிறேன். சர்க்கரை நோயை அதன் தலையில் கட்டக் கூடாது.

சரி, இப்போது சட்டிக்கு வருவோம்.

உங்கள் தப்பு ஒன்றே ஒன்றுதான், நான்கையும் சேர்த்து வறுப்பது. வாசம் ஒவ்வொரு விதையிலும் ஒவ்வொரு இடத்தில், ஒவ்வொரு விதமாக இருக்கிறது, அதனால் சூடு தாங்கும் நேரமும் வேறு வேறு.

ஒரு கொத்தமல்லியை எடுத்து நகத்தால் அழுத்துங்கள். இரண்டு குட்டிக் கிண்ணங்களாகப் பிரியும், நடுவே வெற்றிடம். விதை என்று நாம் சொல்வது உண்மையில் காய்ந்த பழம், ஒவ்வொரு பாதிக்குள்ளும் ஒரு விதை. அதன் எண்ணெய்க் குழல்கள் வெளி ஓட்டில் இல்லை, இரண்டு பாதியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் உட்பக்கத்தில், பாதிக்கு இரண்டாக இருக்கின்றன. முழுசாக இருக்கும்போது பெரிதாக மணக்காமல், உடைத்த அந்த நொடியில் குப்பென்று வாசம் வருவது அதனால்தான். பச்சைக் காயில் வெளிப்பக்கமும் குழல்கள் உண்டு, அப்போது அது மூட்டைப்பூச்சி வாடை அடிக்கும். முற்றிக் காயும்போது அந்தக் குழல்கள் அழிந்து வாடையும் போய்விடுகிறது, மிஞ்சுவது லினலூல், லாவண்டர் பூவில் இருக்கும் அதே பொருள். எகிப்தின் பழங்கால அரசன் துட்டன்காமூனின் கல்லறையை 1922-ல் கண்டுபிடித்தபோது உள்ளே வைத்திருந்த பொருட்களில் கொத்தமல்லி விதையும் இருந்தது, மூவாயிரம் வருடத்துக்கு மேலாக. சொல்ல வந்தது, கொத்தமல்லி உருண்டையாக, உள்ளே காற்றோடு இருப்பதால் சூடு மெதுவாகத்தான் உள்ளே போகும். சின்னத் தீயில், கிளறிக்கொண்டே, கையில் எடுத்து அழுத்தினால் மொறுமொறுவென்று நொறுங்கும் வரை வறுக்க வேண்டும்.

சீரகம் இதற்கு நேர் எதிர். ஒல்லியான உடம்பு, நெடுகப் போகும் வரிகள், அந்த வரிகளை ஒட்டியே மேல்தோலுக்குக் கொஞ்சம் கீழே எண்ணெய். சட்டி சூடாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் வாசம் வந்துவிடும். எண்ணெயில் போட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்: முதலில் அடியில் கிடக்கும், அப்புறம் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் பொடிப்பொடியாக நுரை கட்டும், விதை லேசாக மேலே வரும், பழுப்பு ஒரு படி கூடும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கொத்தமல்லி பக்குவத்துக்கு வரும் வரை சீரகத்தையும் அதே சட்டியில் வைத்திருந்தால் கரியைத்தான் அரைக்கிறீர்கள்.

உங்கள் பொடி கசப்பதற்குப் பெரும்பங்கு வெந்தயம்தான் காரணம். அது பயறு, பருப்பின் இனம், கல் மாதிரி இருக்கும், இயல்பிலேயே கசப்பு. பொன்னிறம் வரை வறுத்தால் கசப்பு பின்வாங்கி ஓர் இனிப்பு வாசம் எழும், சிவக்க விட்டால் கசப்பு இரட்டிப்பாகும். அந்த இனிப்பு வாசத்தைத் தருவது சோட்டலோன் என்ற பொருள், எவ்வளவு சின்ன அளவாக இருந்தாலும் மூக்குக்குத் தெரிந்துவிடும். 2005-லிருந்து நியூயார்க்கில் சில நாட்களில் ஊரெல்லாம் மேப்பிள் சிரப் வாசம் அடித்தது, மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சி எடுக்கும் அந்தப் பாகின் வாசமும் சோட்டலோன் வாசமும் ஒரே மாதிரி. விஷ வாயுவோ என்று சிலர் பயந்தார்கள். 2009-ல்தான் தெரிந்தது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில் ஒரு தொழிற்சாலையில் வெந்தயத்திலிருந்து சாறு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றைத் தாண்டி ஒரு நகரத்தையே நிரப்புகிற வாசம், அதனால் பொடிக்குக் கால் ஸ்பூன் போதும், தாராளம் காட்ட வேண்டாம்.

கடுகின் கதை தனி. முழுக் கடுகை முகர்ந்தால் ஒன்றுமே தெரியாது, ஏனென்றால் அதன் காரம் உள்ளே தயாராக இல்லை. இரண்டு பொருட்கள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன, விதை உடைந்து ஈரம் பட்டதும் அவை கலந்து அந்த நொடியில்தான் காரம் பிறக்கிறது. அந்த வேலையைச் செய்கிற நொதி சூட்டில் செத்துப்போகும். ஆகவே வறுத்த கடுகில் மூக்கைத் துளைக்கும் காரம் இருக்காது, பருப்பு மாதிரி ஒரு மென்மையான சுவைதான் இருக்கும். காரம்தான் வேண்டும் என்றால் பச்சையாக அரைத்து, குளிர்ந்த தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள், அப்புறம் புளிப்பு சேருங்கள். புளிப்பை முதலிலேயே விட்டால் காரம் முழுதாக வராது.

ஆக, ஒவ்வொன்றாக வறுத்து, தட்டில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகு சேர்த்து அரையுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள், முழு விதையை வெளிச்சமும் சூடும் படாமல் மூடி வையுங்கள். விதை பழசா என்று தெரிய, உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்து முகர்ந்து பார்த்தால் போதும், நான் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்கிறேன்.

குடும்பம் பற்றிக் கேட்டீர்கள். சீரகம், சோம்பு, கொத்தமல்லி, ஓமம், சதகுப்பை எல்லாம் கேரட்டின் சொந்தக்காரர்கள். கருஞ்சீரகம் பெயரில் மட்டும்தான் சீரகம், செடி முற்றிலும் வேறு குடும்பம். வெங்காய விதை என்றும் சிலர் விற்கிறார்கள், அதுவும் இல்லை.

அப்பா டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதுங்கள். பொடி எப்படி வந்தது என்பதை அதற்கப்புறம் சொன்னால் போதும்.