பார்ட்னர் சேர்க்கப் போகிறீர்களா? முதலில் அவருடைய லெட்ஜரைப் பாருங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கூட்டுத் தொழில் பற்றியவை. ஆடிட்டராக இருபத்தைந்து வருடங்களாக பார்ட்னர்ஷிப் டீடும் (கூட்டு ஒப்பந்தப் பத்திரமும்) எழுதித் தந்திருக்கிறேன், பிரிகிறவர்களுக்குக் கணக்கும் முடித்துத் தந்திருக்கிறேன். பிரிய வந்தவர்களில் “லாபம் வரவில்லை” என்று சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். “கணக்கைக் காட்ட மாட்டேன் என்கிறார்” என்று வந்தவர்களே அதிகம். என் பதில்களை அந்த அனுபவத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: திருப்பூரில் 12 நிட்டிங் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். துணி வியாபாரி ஒருவர், “நான் 40 லட்சம் போடுகிறேன், சேர்ந்து எக்ஸ்போர்ட் பண்ணலாம்” என்கிறார். ஆறு மாதப் பழக்கம். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். சேரலாமா?

பதில்: ஆறு மாதத்தில் அவர் உங்களிடம் எப்படிப் பேசுகிறார் என்பது தெரிந்திருக்கும். பணம் தர வேண்டிய இடத்தில் எப்படி நடந்துகொள்கிறார் என்பது தெரிந்திருக்காது. அதைத்தான் இனி நீங்கள் பார்க்க வேண்டும்.

முதலில் செலவில்லாத வேலைகள். அவருடைய ஜிஎஸ்டி எண்ணை வாங்கி ஜிஎஸ்டி தளத்தில் போட்டால், பதிவு எப்போது ஆனது, ரிட்டர்ன் மாதாமாதம் போகிறதா என்பதெல்லாம் லாகின் இல்லாமலே தெரியும். ஏதாவது கம்பெனியில் டைரக்டராக இருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்தக் கம்பெனியின் விவரம் கிடைக்கும். நீதிமன்ற வழக்குகளைக் காட்டும் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து அவர் பெயரைத் தேடுங்கள். செக் ரிட்டர்ன் வழக்கு ஒன்று இருந்தால் அதற்கு விளக்கம் இருக்கலாம். நாலு இருந்தால் விளக்கம் கேட்க வேண்டியதில்லை.

அடுத்து, அவருக்கு நூல் கொடுக்கிறவர், சாயம் போட்டுத் தருகிறவர், லாரி ஆபீஸ்காரர் என மூன்று பேரையாவது பாருங்கள். உங்கள் ஊரில் சாயப்பட்டறைக்காரர்களுக்குத் தெரியாத பணக் கதை கிடையாது.

மூன்றாவது வேலைதான் முக்கியம். இரண்டு வருட லெட்ஜரை, அதாவது யாருக்கு எப்போது எவ்வளவு போனது என்ற கணக்குப் புத்தகத்தை, கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு சாயப்பட்டறையின் பக்கத்தைத் திறந்து, பில் தேதியையும் பணம் போன தேதியையும் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். 40 நாள், 45 நாள், 38 நாள் என்று ஒரே சீராக ஓடினால் அது நிதானமான கை. 40 நாள் 90 ஆகி, 90 நாள் 150 ஆகி, பில் தொகைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று ரவுண்டாக ‘ஆன் அக்கவுண்ட்’ (எந்த பில்லுக்கு என்று சொல்லாமல்) போயிருந்தால், பட்டறைக்காரர் இவர் கடையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் பணம் போயிருக்கிறது என்று அர்த்தம். நாளைக்கு அந்தக் கடை உங்கள் கடையாகவும் இருக்கும்.

கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். உங்கள் லெட்ஜரை முதலில் அவர் முன்னால் வைத்துவிட்டு அவருடையதைக் கேளுங்கள். “என் மேல் நம்பிக்கை இல்லையா?” என்று கோபப்பட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்றைக்கே காட்டாதவர் பார்ட்னரான பிறகு காட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

அந்த 40 லட்சம் அவருடைய சொந்தப் பணமா என்பதும் தெரிய வேண்டும். மாதம் ரெண்டு வட்டிக்கு வாங்கிப் போட்டால் வருடத்துக்கு 24 சதவீதம். பார்ட்னர் போட்ட பணத்துக்கு ஃபர்ம் (கூட்டு நிறுவனம்) கொடுக்கும் வட்டியில் 12 சதவீதம் வரைதான் வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியும். அதற்கு மேல் ஃபர்ம் கொடுக்காவிட்டால், மீதி வட்டிக்காக மாதம் பிறந்தால் அவர் ஃபர்மிலிருந்து பணம் எடுக்க வேண்டியிருக்கும். நூல் வாங்க வைத்த பணம் அப்படித்தான் காணாமல் போகிறது.

எல்லாம் சரியாக இருந்தாலும் உடனே நிரந்தரமாகச் சேராதீர்கள். ஒரே ஒரு ஆர்டருக்கு மட்டும் சேருங்கள். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டமே ஒரு குறிப்பிட்ட வேலைக்காக மட்டும் பார்ட்னராவதை 8-ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. எந்த ஆர்டர், யார் எவ்வளவு போடுகிறார்கள், சரக்கு ரிஜெக்ட் ஆனால் யார் தலையில் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். வாய்ப்பேச்சிலேயே ஓட்டினாலும் சட்டத்தின் கண்ணில் அது கூட்டாண்மை ஆகிவிடலாம். ஷிப்மென்ட் தாமதமாகி பையர் டிஸ்கவுண்ட் கேட்கும் வாரத்தில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்த்த பிறகு டீடுக்கு வாருங்கள்.

கேள்வி: கோவையில் சிறிய பவுண்டரி (வார்ப்படப் பட்டறை). மெஷினிங் (கடைசல் வேலை) தெரிந்த கூட்டாளி வேண்டும். எங்கே தேடுவது?

பதில்: முதலில் உங்கள் பில் புத்தகத்தில் தேடுங்கள். உங்கள் காஸ்டிங்கை (வார்ப்படத்தை) வாங்கி மெஷினிங் செய்கிறவர்களில், குறை இருந்தால் அன்றே போன் செய்து சொல்கிறவர் யார், மூன்று மாதம் கழித்து பில்லில் கழிக்கிறவர் யார் என்பது உங்களுக்கே தெரியும். முதல் ரகத்தில் இரண்டு பேர் இருந்தால் வெளியே தேட வேண்டியதில்லை. இல்லையென்றால் உங்கள் ஊர்த் தொழில் சங்கமான கொடிசியாவின் கூட்டங்களுக்கும் அது நடத்தும் இன்டெக் இயந்திரக் கண்காட்சிக்கும் போங்கள், சிட்கோ என்ற அரசு சிறுதொழில் கழகத்தின் எஸ்டேட்டில் நாலு ஷெட் ஏறி இறங்குங்கள். உங்களிடம் இல்லாத ஒன்றைக் கொண்டுவருகிறவராகப் பாருங்கள். பவுண்டரிக்காரரும் பவுண்டரிக்காரரும் சேர்ந்தால் கரண்ட் பில்தான் ரெட்டிப்பாகும்.

கேள்வி: கல்லூரி நண்பர்கள் இருவர் பிரைவேட் லிமிடெட் தொடங்குகிறோம். 50:50 வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் கருத்து வேறுபாடு வந்தால் கம்பெனி அப்படியே நின்றுவிடும். சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும், இருவரிடமும் அது இருக்காது. 51:49 ஆக்கினால் அன்றாட வேலை ஓடும். ஆனால் கம்பெனியின் விதிகளை மாற்றுவது போன்றவற்றுக்கு 75 சதவீதம் தேவை, அங்கே 49 வைத்திருப்பவர் தடுக்க முடியும். அதனால் சதவீதத்தோடு நிறுத்தாமல், விலை நிர்ணயத்தில் கடைசி வார்த்தை யாருக்கு, ஆள் எடுப்பதில் யாருக்கு, கடன் வாங்குவதில் யாருக்கு என்று பிரித்து எழுதுங்கள். கடனுக்கு மட்டும் இரண்டு கையெழுத்தும் கட்டாயம் என்று வையுங்கள்.

கேள்வி: டீட் எழுதிவிட்டோம், பதிவு செய்யவில்லை. அவசியமா?

பதில்: சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி, பதிவில்லாத ஃபர்ம் தனக்கு வர வேண்டிய பாக்கிக்காக வாடிக்கையாளர் மேல் வழக்குப் போட முடியாது. அவர் உங்கள் மேல் போடலாம். மாவட்டப் பதிவாளரிடம் போய் முடித்துவிடுங்கள். கூடவே, வேலை செய்யும் பார்ட்னரின் சம்பளம் டீடில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் சட்டப்படி சம்பளம் கிடையாது, லாப நஷ்டமும் எல்லோருக்கும் சம பங்கு.

கேள்வி: கரூரில் இல்லத்தரசி. கணவரின் நண்பர் தொடங்கும் டெக்ஸ்டைல் ஃபர்மில் என்னை ஸ்லீப்பிங் பார்ட்னராகச் சேர்க்கச் சொல்கிறார்கள். “சும்மா பேருக்குத்தான், கையெழுத்து மட்டும் போட்டால் போதும்” என்கிறார் கணவர்.

பதில்: அம்மா, இந்தக் கையெழுத்தைத் தயவுசெய்து அவசரப்பட்டுப் போடாதீர்கள். பார்ட்னர்ஷிப்பில் வேலை செய்யாத பார்ட்னர் உண்டு, பொறுப்பில்லாத பார்ட்னர் இல்லை. கூட்டாண்மைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி ஃபர்மின் கடன் முழுவதற்கும் ஒவ்வொரு பார்ட்னரும் தனித்தனியாகவும் பொறுப்பு. உங்கள் பங்கு ஐந்து சதவீதம்தான் என்றாலும் பேங்க் முழுக் கடனுக்கும் உங்கள் வீட்டைத் தேடி வரலாம்.

என்னிடம் வந்த ஒரு சகோதரி நினைவுக்கு வருகிறார். ஃபர்மை விட்டு விலகி ஐந்து வருடம் ஆகியிருந்தது. விலகல் பத்திரம் இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. ஆனால் பதிவாளருக்கு யாரும் தெரிவிக்கவில்லை, அரசிதழிலும் உள்ளூர்த் தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவிப்பு வரவில்லை, பேங்கில் கொடுத்த கேரண்டியை யாரும் திரும்ப வாங்கவில்லை. நோட்டீஸ் அவர் பெயருக்கே வந்தது. நகையை விற்று செட்டில் செய்தார். அந்த ஃபர்மிலிருந்து அவர் ஒரு ரூபாய்கூட லாபமாக வாங்கியதில்லை. அன்று அவர் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை) ஆகத் தொடங்கச் சொல்லுங்கள். அங்கே பொதுவாக உங்கள் பொறுப்பு நீங்கள் போட்ட பணத்தோடு நிற்கும். ஆனால் பேங்க் தனியாகக் கேரண்டி கேட்டு அதில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

கேள்வி: பொள்ளாச்சியில் ரோட்டோரம் ஒன்றரை ஏக்கர் தொழில் நிலம் இருக்கிறது. நண்பரோடு தென்னை நார் தொழிற்சாலை. நிலத்தை என் கேபிடலாகப் போடச் சொல்கிறார்.

பதில்: போடாதீர்கள். போட்ட நாளிலேயே அது ஃபர்மின் சொத்து. பிரியும்போது நிலம் திரும்பி வராது, கணக்கில் எழுதிய தொகைதான் உங்களுடையது. மேலும், ஃபர்ம் புத்தகத்தில் என்ன மதிப்பு எழுதுகிறீர்களோ அதையே விற்பனை விலையாக எடுத்து, கையில் பணம் வராமலே உங்களுக்கு மூலதன ஆதாய வரி வரும். நிலத்தைக் குத்தகைக்கு விடுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். நண்பர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அவருக்கு வேண்டியது உங்கள் உழைப்பா, பேங்கில் அடமானம் வைக்க நிலமா என்று யோசியுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை, இந்தியப் பாஸ்போர்ட். காரைக்குடியில் சித்தப்பா மகன் நடத்தும் பலகாரத் தொழிலில் பார்ட்னராகப் பணம் போட விரும்புகிறேன்.

பதில்: போடலாம். வெளிநாடு வாழ் இந்தியர் பார்ட்னர்ஷிப் ஃபர்மில் முதலீடு செய்யத் தடையில்லை. விவசாயம், தோட்டம், ரியல் எஸ்டேட், அச்சு ஊடகம் இந்த நாலு மட்டும் கூடாது. ஆனால் அந்த முதலீட்டை வெளிநாட்டுக்குத் திரும்ப எடுத்துப் போகும் உரிமை இல்லை என்ற நிபந்தனையோடுதான் போட முடியும். வங்கி வழியாகவே அனுப்புங்கள், ஊருக்கு வரும்போது கையில் கொடுக்காதீர்கள். ஒருநாள் சிங்கப்பூருக்கே பணம் திரும்ப வேண்டும் என்றால் பிரைவேட் லிமிடெட் ஆக்கிப் பங்கு வாங்குங்கள். அப்போது பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் கம்பெனி ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: பம்ப் தயாரிக்கிறோம். ஐரோப்பியக் கம்பெனி ஒன்று கூட்டு முயற்சிக்கு அழைக்கிறது. டெக்னாலஜி அவர்களுடையது. எதை முதலில் பேச வேண்டும்?

பதில்: பிரிந்தால் என்ன ஆகும் என்பதைப் பேசுங்கள். டிவிஎஸ்ஸும் சுசுகியும் 1980-களில் ஓசூரில் கைகோத்து 100 சிசி பைக் கொண்டுவந்தார்கள். 2001-இல் பிரிந்தார்கள். பிரியும்போது, 30 மாதத்துக்கு சுசுகி போட்டியாக இங்கே இருசக்கர வாகனத்தோடு இறங்காது என்று ஒப்பந்தம் ஆனது. அதே ஆண்டில் டிவிஎஸ் தானே வடிவமைத்த விக்டர் பைக் சாலைக்கு வந்தது. கூட்டு இருந்த காலத்திலேயே தன் இன்ஜினியர்களை வளர்த்ததால்தான் அது முடிந்தது. உங்கள் ஆட்களுக்கு டிராயிங் படிக்க மட்டும் சொல்லித்தருவார்களா, டிராயிங் போடவும் விடுவார்களா? இதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பிராண்ட் யார் பெயரில், நீங்கள் ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யலாமா, அவர்களே இங்கே இன்னொரு கம்பெனி தொடங்கலாமா, இந்த மூன்றுக்கும் பதில் வராமல் கையெழுத்து வேண்டாம்.

பொறுமையான பங்குதாரர் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் ஓசூரிலேயே இருக்கிறது. 1984-இல் டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது டைட்டன். டிட்கோவிடம் நாலில் ஒரு பங்குக்கு மேல் இன்றும் இருக்கிறது.

கேள்வி: மதுரை. அப்பாவும் அவர் நண்பரும் இருவராக நடத்திய ஹார்டுவேர் கடை. அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. கடை ஓடுகிறது. கேட்டால், “கணக்கு முடித்துத் தருகிறேன்மா” என்கிறார். சண்டை போட மனமில்லை.

பதில்: உங்கள் மனம் புரிகிறது. அவரும் மோசம் செய்ய நினைக்காமலே தள்ளிப்போட்டிருக்கலாம். ஆனால் இரண்டே பேர் இருந்த ஃபர்மில் ஒருவர் இறந்தால் ஃபர்ம் அன்றே முடிந்தது. அப்பாவின் பணத்தைத் திருப்பித் தராமல் வியாபாரம் தொடர்ந்தால், அந்தப் பணத்தால் வந்த லாபத்தில் பங்கு, இல்லையென்றால் வருடம் 6 சதவீத வட்டி, இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் உரிமையைக் கூட்டாண்மைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு வாரிசுகளுக்குத் தருகிறது. டீடில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்பா இறந்த தேதிக்கு ஸ்டாக், வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி மூன்றையும் கேட்டு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். “மாமா” என்றே தொடங்கி மரியாதையாக எழுதுங்கள், தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பேங்க் கிளைக்கும் போய், அப்பா கொடுத்த கேரண்டி ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கணக்குக் கேட்டு வழக்குப் போட ஃபர்ம் முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. உங்களுக்கு எட்டு மாதம் போய்விட்டது.